நாற்காலியில் உட்கார்ந்ததும் உறைந்துபோகிறவர்கள்: உங்கள் பல் மருத்துவமனையில் மறக்க முடியாத நோயாளி யார்?

திண்டுக்கல்_பல்மருத்துவர் (கேள்வி)

வணக்கம். பல் மருத்துவப் படிப்பை முடித்து, நான்கு ஆண்டுகள் மூத்த மருத்துவர் ஒருவரிடம் பணியாற்றிய பிறகு, கடந்த தை மாதம் திண்டுக்கல்லில் ஒற்றை நாற்காலியோடு சொந்தமாக ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கியிருக்கிறேன். கீழே மளிகைக் கடை, மாடியில் என்னுடைய அறை. வருகிறவர்களில் பெரும்பாலானோர் சுற்றியுள்ள நான்கைந்து தெருக்காரர்கள்தான்.

சொத்தையை அடைப்பதும், வேர் சிகிச்சை செய்வதும், பல் எடுப்பதும் கைக்குப் பழகிய வேலைகள். ஆனால் வருகிறவர்களின் பயத்தை என்ன செய்வது என்பதுதான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கல்லூரியில் நோயாளிகள் வரிசையாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தங்கள் பயத்தைத் தாங்களே அடக்கிக்கொள்வார்கள். இங்கே ஒவ்வொருவரும் தனியாக வருகிறார்கள். நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று பல்லைக் குடையும் ஏர்ரோட்டர் கருவியின் கீச்சென்ற ஒலி கீழே மளிகைக் கடை வரை கேட்கிறது. போன வாரம் ஓர் அம்மா படியேறி வரும்போதே அந்த ஒலியைக் கேட்டுவிட்டு, "வலி நின்றுபோச்சு தம்பி, நான் அப்புறமா வாரேன்" என்று பாதிப் படியிலிருந்தே திரும்பிவிட்டார். பதற்றத்தில் வலி சற்று நேரம் மறைவதுண்டு. பல்லின் உள்ளே இருக்கும் கூழ் செத்துப்போனாலும் வலி நிற்பதுண்டு. இரண்டாவது வகையாக இருந்துவிட்டால் அவர் ஒருநாள் வீங்கிய கன்னத்தோடு வந்து நிற்பாரே என்று எண்ணி அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நான் பணியாற்றிய மூத்த மருத்துவரிடம் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். துணுக்குச் சொல்லிச் சிரிக்க வைக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனாலும் அவருடைய அறையிலிருந்து அடிக்கடி சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைப்பவர் பெரும்பாலும் நோயாளியாகவே இருப்பார். அது எப்படி நடந்தது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

ஆகவே உங்களைக் கேட்கிறேன். உங்கள் மருத்துவமனையில் பயம் தணிந்து சிரிப்பு வந்த தருணம் எது? அதற்குக் காரணமாக இருந்த, இன்றும் நினைவில் நிற்கும் நோயாளி யார்? பெயரையும் அடையாளத்தையும் தவிர்த்து, நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுங்கள்.

கொங்குச்சீமை

அந்தியூரை அடுத்த ஓர் ஊரில் பதினேழு ஆண்டுகளாகப் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டி மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடும்போது எங்கள் பக்கம் வெளியூர் ஆட்களின் நடமாட்டம் மிகுதியாக இருக்கும். அப்படியோர் ஆடியில், எழுபது வயதை நெருங்கிய மாட்டுத் தரகர் ஒருவர் தோளில் துண்டோடு வந்து உட்கார்ந்தார். மேல் வலப்புறக் கோரைப்பல் வேர் வரை சிதைந்து சீழ் பிடித்திருந்தது. அதை எடுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "கீழ்ப்பல்லா இருந்தா யோசிக்காம குடுத்துருவேனுங்க. மேல்பல்லைப் பிடுங்குனாக் கண்ணு போயிருமுங்களே" என்றார். இந்த நம்பிக்கையைத் தமிழ்நாட்டில் பல் பிடுங்கும் எவரும் வாரம் ஒருமுறையாவது கேட்டிருப்பார்கள். நான் தாளை எடுத்துப் படம் வரைந்தேன். பார்வையைச் சுமந்து செல்வது தனி நரம்பு. பல்லுக்கு உணர்ச்சி தருவது முகத்தில் மூன்று கிளைகளாகப் பிரியும் வேறொரு நரம்பு. அந்த மூன்றிலும் கண்ணருகே செல்லும் கிளை வேறு, மேல்தாடைப் பற்களுக்கு வரும் கிளை வேறு என்று பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டி மறுத்தார்.

சரி, சற்று நேரம் போகட்டும் என்று படத்தை ஓரமாக வைத்துவிட்டு, நெடுநாளாக என் மனத்தில் இருந்த ஒரு சந்தேகத்தைக் கேட்டேன்: "மாட்டின் வயதைப் பல்லைப் பார்த்து எப்படிச் சொல்கிறீர்கள்?" அவருடைய முகம் அப்படியே மாறிவிட்டது. சாய்ந்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, இடக்கையை மாட்டின் தாடையாக வைத்துக்கொண்டு வலக்கை விரலால் எனக்குப் பாடம் நடத்தினார். கன்றுப்பல் விழுந்து முதல் ஜோடி நிலைப்பல் முளைத்தால் இரண்டு வயது கடந்துவிட்டது. பிறகு நாலு பல், ஆறு பல். எட்டும் வந்துவிட்டால் கடை சேர்ந்துவிட்டது, அதாவது பல் வரிசை நிறைந்துவிட்டது. அதற்குப் பிறகு வயதைத் தேய்மானத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். "எட்டும் கீழேதானுங்க. மேல முன்பல்லே மாட்டுக்குக் கிடையாது, வெறும் ஈறுதான்" என்றவர், அந்த இடத்தில் நிறுத்திவிட்டார்.

சுவரில் இருந்த மின்விசிறியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேல்பல்லே இல்லாத மாடு அமாவாசை இருட்டுலயும் புல்லைப் பார்த்து மேயுதே டாக்டர்" என்றார். நானும் உதவியாளரும் சிரித்துவிட்டோம். அவரும் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வரைந்த நரம்புப் படத்தால் முடியாத காரியம் அவருடைய மாட்டால் முடிந்தது. ஊசி போட்டுப் பல்லை எடுத்து முடிக்கும் வரை அவர் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கவே இல்லை.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கட்டணம் எவ்வளவு என்று நான் வாய் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துத் துண்டால் மூடிவிட்டார். சந்தையில் தரகர்கள் மற்றவர்களுக்குத் தெரியாமல் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் கையில் ஒருவர் விலை பேசியது அந்த ஒருமுறைதான். அவர் எந்த விரலை எத்தனை முறை அழுத்தினார் என்பது எனக்குப் புரியவில்லை. துண்டை எடுத்தபோது உள்ளங்கையில் இருந்தது நான் கேட்க நினைத்ததைவிட ஐம்பது ரூபாய் கூடுதல்.

தம்பி, உங்கள் ஊரில் என்ன தொழில் நடக்கிறதோ அதைப் பற்றி உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசையோடு கேளுங்கள். ஒப்புக்குக் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

காவிரிக்கரை

மேலே எழுதியவரின் தரகரைப் படித்ததும் எனக்குக் கும்பகோணத்துத் தமிழாசிரியர் ஒருவரின் நினைவு வந்தது. பணி ஓய்வு பெற்று இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனவர். மேலும் கீழுமாக எல்லாப் பற்களையும் இழந்த பிறகு, மகளின் வற்புறுத்தலால் பல் செட் கட்டிக்கொள்ள வந்தார். வந்த அன்று அவர் சிரிக்கவில்லை என்பது மட்டுமல்ல, வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் பேசினார். "பல் போனால் சொல் போச்சு என்பார்கள். நாற்பது ஆண்டு சொல்லை வைத்துப் பிழைத்தவன் நான்" என்று சொன்னபோது குரல் தழுதழுத்தது.

முழுப் பல் செட் செய்யும்போது, இறுதியாக அக்ரிலிக்கில் வார்ப்பதற்கு முன், பற்களை மெழுகில் பதித்து வாயில் வைத்துப் பார்க்கும் கட்டம் ஒன்று உண்டு. தோற்றம் சரியாக இருக்கிறதா, கடி பொருந்துகிறதா என்று பார்ப்பதோடு, நோயாளியைப் பேசச் சொல்லியும் பார்ப்போம். சில ஒலிகளைச் சொல்லும்போது மேல் முன்பல்லின் விளிம்பு கீழுதட்டைத் தொட வேண்டும். சிலவற்றுக்கு நாக்கு பல்லின் பின்புறத்தைத் தொட வேண்டும். பல் ஒரு மில்லிமீட்டர் நீண்டாலோ குறைந்தாலோ ஒலி காட்டிக் கொடுத்துவிடும். கல்லூரியில் எங்களுக்குக் கற்றுத் தந்த வழக்கப்படி, "ஐயா, ஆங்கிலத்தில் ஐம்பதிலிருந்து அறுபது வரை எண்ணுங்கள், பிறகு மிசிசிப்பி என்று சொல்லுங்கள்" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் மிசிசிப்பிக்குப் போக வேண்டும்?" என்று கேட்டுவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து, வகுப்பறைக் குரலில் தொல்காப்பியத்தில் எழுத்துகள் பிறக்கும் விதத்தைக் கூறும் பிறப்பியலைச் சொல்லத் தொடங்கினார். "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்ற நூற்பாவை அவர் சொன்னபோது, என் கண் அவருடைய கீழுதட்டில் இருந்தது. பல்லும் இதழும் இயைய வேண்டும், ஆனால் இயையவில்லை. உதடு எட்டி எட்டிப் பல்லைத் தேடியது. மேல் முன்பற்களைச் சற்றுக் குட்டையாகப் பதித்துவிட்டேன் என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிட்டது. மெழுகை இளக்கிப் பற்களைக் கீழே இறக்கினேன். மறுபடியும் சொன்னார். இம்முறை வகரம் பளிச்சென்று விழுந்தது.

அடுத்துத் தகரம், நகரம். மேல்வாயை ஒட்டிய பல்லின் அடியில் நாவின் நுனி பரந்து ஒற்ற இவை பிறக்கும் என்பது அங்கே சொல்லப்படும் இலக்கணம். அவருடைய நகரம் மட்டும் சளி பிடித்தவர் பேசுவதுபோல அமுங்கி வந்தது. முன்பல்லின் பின்னால் மெழுகு தடித்திருந்ததுதான் காரணம். சீவி மெல்லியதாக்கியதும் சரியாயிற்று. இப்படி ஒவ்வோர் எழுத்தாக அவர் சொல்ல, நான் திருத்த, ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்களும் வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். ழகரம் வந்தபோது அவரே சிரித்தார். "இதற்கு உங்கள் தயவு வேண்டாம் டாக்டர். நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தைத் தடவினால் போதும். பல் அத்தனையும் போன பிறகும் இந்த ஓர் எழுத்து என்னைக் கைவிடவே இல்லை" என்றார். உண்மைதான், முதல் நாள் கையால் வாயை மறைத்துப் பேசியபோதுகூட அவருடைய 'தமிழ்' தெளிவாகத்தான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புறப்படும்போது, "தொல்காப்பியரை உங்கள் மருத்துவமனையில் உதவியாளராகச் சேர்த்துக்கொள்ளுங்கள், சம்பளம் கேட்க மாட்டார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து தமிழ் பேசும் எந்த நோயாளியையும் நான் மிசிசிப்பி சொல்ல வைப்பதில்லை. வகரத்துக்கு "வாவல் வௌவால்" என்றும், தகர நகரங்களுக்கு "நாதன் நந்தன்" என்றும் சொல்லச் சொல்கிறேன், நன்றாகவே பயன்படுகிறது. பல் செட் செய்யும் மருத்துவர்கள் பிறப்பியலை ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன். அதிலுள்ள நூற்பாக்களில் பாதி எங்கள் வேலைக்காகவே எழுதியதுபோல இருக்கும்.

எங்கள் பகுதியில் நாகசுரக் கலைஞர்களும் வருவார்கள். நாகசுரம் செய்யும் நரசிங்கம்பேட்டை பக்கத்தில்தான் இருக்கிறது. அவர்களுக்கு முன்பல் என்பது சோறு. உதட்டை உள்ளிருந்து தாங்கி, நாகசுரத்தின் ஊதுமுனையான சீவாளியைப் பிடிக்க வைப்பது முன்பல்தான். கழற்றி மாட்டும் பல் பொருத்திய ஒருவர், சரியாக இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு, இடுப்பிலிருந்து சீவாளியை மட்டும் எடுத்து வாயில் வைத்துப் 'பீ' என்று ஊதினார். வெளியே அரை மணி நேரமாக அழுதுகொண்டிருந்த குழந்தை அந்த நொடியில் அழுகையை நிறுத்திவிட்டு, உள்ளே என்ன மிருகம் இருக்கிறது என்று பார்க்க ஓடிவந்தது. அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்குப் பல் அடைப்பது சுலபமாகிவிட்டது.

வைகை_உதவியாளர்

நான் மருத்துவர் அல்ல; மதுரையில் ஒரு பல் மருத்துவமனையில் பதினோரு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். நோயாளிகள் மருத்துவரிடம் சொல்லாததை எங்களிடம் சொல்வார்கள் என்பதால் எழுதலாம் என்று தோன்றியது.

குழந்தைகளில் ஒருவனை மறக்க முடியாது. ஆறு வயது இருக்கும். கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சி, "ஆன்ட்டி, இங்கே பிரியாணி செய்றீங்களா?" என்று கேட்டான். அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவன் சொன்னது சரியான கண்டுபிடிப்பு. பல்லில் தற்காலிகமாக அடைக்கும் சிமென்ட்டை யூஜினால் என்ற எண்ணெயில் குழைக்கிறோம்; கிராம்பின் வாசனைக்குக் காரணமே அந்த யூஜினால்தான். பல் மருத்துவமனை என்றதும் பெரியவர்கள் நினைத்து நடுங்கும் அந்த வாடையில் அவனுக்குப் பிரியாணி தெரிந்திருக்கிறது. எங்கள் மருத்துவர் அம்மா அவனைப் பக்கத்தில் அழைத்து, கண்ணாடிப் பலகையில் பொடியையும் எண்ணெயையும் தேய்த்துக் குழைப்பதைக் காட்டி முகரக் கொடுத்தார். "மசாலா அரைக்கிறீங்க" என்றான். அரைத்த மசாலாவைத் தன் பல்லில் வைக்க அவனே வாயைத் திறந்தான்.

மரத்துப்போகும் ஊசியைக் குழந்தைகளிடம் 'பல்லைத் தூங்க வைக்கும் மருந்து' என்றுதான் சொல்வோம். அதைக் கேட்ட ஒரு சிறுமி, மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் குரலைத் தாழ்த்தி, "சத்தம் போடாதீங்க, முழிச்சுக்கும்" என்றாள். அன்று அவளுடைய பால்பல்லை எடுத்து முடிக்கும் வரை அறையில் இருந்த நான்கு பேரும் கிசுகிசுத்துத்தான் பேசினோம்.

பெரியவர்களில், சிம்மக்கல்லிலிருந்து வரும் ஒரு பாட்டி. மருத்துவர் பல்லைப் பார்த்துக்கொண்டே என்னிடம், "நாற்பத்தாறில் ஆழமான சொத்தை, எழுதிக்கொள்" என்றார். பாட்டி சட்டென்று வாயை மூடிவிட்டார். "மனுஷிக்கு முப்பத்திரண்டு பல்லுதானே தாயீ? நாப்பத்தாறாவது பல்லுக்கு எப்படிக் காசு போடுவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது. வாயை நான்கு கால்பகுதிகளாகப் பிரித்து, முதல் இலக்கம் எந்தப் பகுதி என்பதையும், இரண்டாம் இலக்கம் நடுக்கோட்டிலிருந்து எத்தனையாவது பல் என்பதையும் குறிக்கும். ஆகவே நாற்பத்தாறு என்றால் கீழ் வலப்புறத்தில் ஆறாவது பல் என்று நான் கண்ணாடியைக் காட்டி விளக்கினேன். தெருவும் கதவு எண்ணும் போல என்று அவரே ஒப்பிட்டுப் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து எங்கே பார்த்தாலும், "என் நாப்பத்தாறு சௌக்கியமா இருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுவார்.

விழுந்த பால்பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிந்தால் புதுப்பல் ஒழுங்காக முளைக்கும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். இப்போது எல்லோரும் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். சாணமும் இல்லை, ஓட்டுக்கூரையும் இல்லை. எங்கள் மருத்துவமனையின் பின்புறம் கட்டட உரிமையாளரின் ஓடு வேய்ந்த பழைய கொட்டகை ஒன்று இருக்கிறது. பல் எடுத்த குழந்தைகளைப் பின்வாசலுக்கு அழைத்துப் போய், பஞ்சில் சுற்றிய பல்லை அந்த ஓட்டின்மேல் எறியச் செய்வேன். அழுதுகொண்டே வரும் குழந்தைகூட எறியும்போது குறிபார்ப்பதில் முனைந்துவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழைக்கு முன்னதாக ஓடு மாற்ற ஏறிய கொத்தனார், ஓடுகளின் இடுக்கிலிருந்து ஒரு கைப்பிடி பால்பற்களைச் சேர்த்து எடுத்து, முகம் வெளிறிப்போய் இறங்கி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், தன் பேத்திக்கும் முன்பல் ஆடுகிறது, இங்கேயே அழைத்து வருகிறேன் என்றார். அழைத்தும் வந்தார்.

பெற்றோருக்கு ஒரு குறிப்பு. ஆறு வயதில் கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் முளைக்கும் பெரிய கடைவாய்ப்பல் நிலைப்பல். அதற்கு முன் அந்த இடத்தில் எதுவும் விழுவதில்லை என்பதால், பலர் அதையும் பால்பல் என்று நினைத்துச் சொத்தையை விட்டுவிடுகிறார்கள். அந்தப் பல் கூரைக்குப் போகக் கூடாது.

திண்டுக்கல்_பல்மருத்துவர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வௌவாலை இன்று மாலையே பயன்படுத்திப் பார்க்கப் போகிறேன். ஒரு சந்தேகம்: நோயாளியின் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டால், தம்மை ஏளனம் செய்வதாக அவர் நினைத்துவிட மாட்டாரா? எங்கே சிரிக்கலாம், எங்கே கூடாது என்பதை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அடையாறு_வாசி

நோயாளி சிரித்த பிறகு சிரியுங்கள். அதற்கு முன் வேண்டாம். நான் கடைப்பிடிப்பது இது ஒன்றைத்தான். இந்தப் பழக்கம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்கிறேன்.

சென்னையில் என்னிடம் வந்தவர் ஒருவர். ஐம்பது வயது, வங்கி ஊழியர். ஏதோ ஓர் அடைப்பு உடைந்துவிட்டது என்று வந்தார். வாயைத் திறந்ததும், முன்பற்களில் கிடைக்கோடாகப் பழுப்புப் பட்டைகளும் சுண்ணாம்பு போன்ற வெள்ளைத் திட்டுகளும் தெரிந்தன. "நீங்கள் தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டேன். அவர் திடுக்கிட்டார். பாலக்கோட்டுக்கு அருகில் ஒரு கிராமம், பன்னிரண்டு வயதிலேயே ஊரைவிட்டு வந்துவிட்டேன், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அவருடைய பெயரும் தொலைபேசி எண்ணும் தவிர எந்த விவரமும் என்னிடம் இல்லை. "ஜோசியமும் பார்ப்பீர்களா டாக்டர்? என் பெண்ணுக்கு எப்போது கல்யாணம் கூடி வரும் என்றும் சொல்லிவிடுங்கள்" என்று அவர் சிரித்தார். பிறகு நானும் சிரித்தேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் பல இடங்களில் புளோரைடு மிகுதி. ஒரு லிட்டர் குடிநீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதைத் தாண்டிய நீரைக் குழந்தைப் பருவத்தில் குடித்து வளர்ந்தால், ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பற்களின் மேலுறையான எனாமலில் இந்தக் கறை நிலைத்துவிடுகிறது. முன்பற்களின் எனாமல் பள்ளிப் பருவத்தின் தொடக்கத்திலேயே உருவாகி முடிந்துவிடுவதால், பிறகு எந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தாலும் பிறந்த ஊரின் தண்ணீர் பல்லில் எழுதியது அப்படியே இருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது இந்தத் துன்பத்தைப் போக்குவதற்காகத்தான்.

இதை நான் சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, ஆறாம் வகுப்பில் ஆசிரியர் ஒருவர் தன்னை எழுப்பி நிற்க வைத்து, பல் துலக்காமல் பள்ளிக்கு வருகிறான் என்று எல்லோர் முன்னும் திட்டியதையும், அன்று முதல் அம்மா தினமும் உமிக்கரியை வைத்துக்கொண்டு ஈறு கிழியும்படி தேய்த்துவிட்டதையும் சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைப்பேசியை எடுத்து ஊரிலிருக்கும் தாயாரை அழைத்தார். "அம்மா, நான் ஒழுங்காத்தான் பல்லு விளக்கினேன். தண்ணிதான் காரணமாம். டாக்டர் சொல்றாரு, நீயே கேளு" என்று கைப்பேசியை என்னிடம் நீட்டினார். எண்பது வயதுத் தாயார் மறுமுனையில், "அதைத்தான் நான் அப்பவே சொன்னேன்" என்றார். அவர் அப்படிச் சொல்லவே இல்லை என்று மகன் இங்கிருந்து மறுக்க, தாயார் அங்கிருந்து வாதாட, அன்றைய தினம் அவருக்குப் பின்னால் காத்திருந்த இருவரும் உள்ளே வந்து கேட்டுச் சிரித்தார்கள்.

கறையை நீக்க வழி இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு மாதம் கழித்து வந்து செய்துகொண்டார். முதலில் நான் வாய்விட்டுச் சிரித்திருந்தால் அவர் அந்த ஆறாம் வகுப்பைப் பற்றிச் சொல்லியிருப்பாரா என்பதை அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

முன்னாள்_நடத்துநர்

நோயாளி தரப்பிலிருந்து ஒன்று. நான் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியிலிருந்த காலத்தில் ஒருநாள் காலையில் கீழ்க் கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொண்டு, மதியம் வண்டிக்குப் போய்விட்டேன். கீழுதடு பாதி மரத்திருந்தது. முதல் நிறுத்தத்தில் விசிலை வாயில் வைத்து ஊதினால் காற்று ஒருபக்கமாக வெளியே போகிறது, சத்தம் வரவில்லை. ஓட்டுநர் வண்டியை எடுக்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார். என் வாயில் இருந்த பஞ்சைக் கவனித்துவிட்ட கல்லூரி மாணவர்கள் சிலர் நிலைமையைப் புரிந்துகொண்டு, அதன் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே குரலில் "போலாம் ரைட்" கொடுத்தார்கள். மாட்டுத்தாவணி வந்து சேரும் வரை விசில் இல்லாமலே வண்டி ஓடியது. அந்தப் பிள்ளைகள் இன்று எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

மரப்பு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும் என்பதை மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதோடு, நோயாளி என்ன வேலை செய்கிறார் என்பதையும் கேட்டுவிட்டு நேரம் குறித்துக் கொடுத்தால் பேருதவியாக இருக்கும்.

திண்டுக்கல்_பல்மருத்துவர் (மூன்று வாரங்களுக்குப் பிறகு)

நடத்துநர் ஐயா சொன்ன பிறகு, நோயாளி அட்டையில் 'தொழில்' என்று ஒரு கட்டத்தைச் சேர்த்துவிட்டேன். அந்தக் கட்டத்தால் நடந்ததை எழுதவே இப்போது வந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வந்தவர், அட்டையில் 'பூட்டு' என்று ஒரே சொல்லை எழுதியிருந்தார். எங்கள் ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அறுபது வயதைத் தாண்டியவர், கையால் பூட்டுச் செய்யும் பட்டறைக்காரர். வேர் சிகிச்சை என்றதும் வியர்த்துவிட்டது. என்ன செய்யப் போகிறேன் என்பதை விளக்குவதற்காக, ஆட்டோகிளேவில் இட்டுச் சுத்தப்படுத்தி, காட்டுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருந்த வேரின் உட்புறத்தைச் சுத்தம் செய்யும் ஊசி போன்ற பழைய ஃபைல்கள் சிலவற்றை அவர் கையில் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, கட்டைவிரல் நகத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தார். "இது அரம்தானே?" என்றார்.

அரம்தான். இத்தனை ஆண்டுகள் ஃபைல், ஃபைல் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, அந்தக் கருவிக்கு என் ஊரிலேயே பெயர் இருக்கிறது என்று தோன்றவே இல்லை. பதினைந்தாம் எண் என்றால் நுனியின் விட்டம் 0.15 மில்லிமீட்டர் என்று சொன்னேன். அவர் அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, இவ்வளவு சன்னமான அரத்தை யார் வெட்டுகிறார்கள் என்று வியந்தார். அடுத்ததாக ஹெட்ஸ்ட்ராம் என்ற வேறு வகை ஃபைலை எடுத்து அதேபோல நகத்தில் வைத்தவர், முன்னும் பின்னும் இரண்டு முறை நகர்த்திவிட்டு, "எங்க அரம் தள்ளுனா வெட்டும். இது இழுத்தாத்தான் வெட்டும் போல இருக்கே?" என்று கேட்டார். அந்த ஃபைல் வெளியே இழுக்கும்போது மட்டுமே வெட்டும் என்பதைக் கல்லூரியில் நான் மனப்பாடம் செய்துதான் தேர்வு எழுதினேன். அவர் நகத்தில் ஒரே நிமிடத்தில் படித்துவிட்டார். ஏன் அப்படி என்று கேட்டார். தள்ளும்போது வெட்டினால் சொத்தைத் துகள் வேரின் நுனியைத் தாண்டி வெளியே போய்விடக்கூடும் என்றேன். "சரிதான். பூட்டுக்குள்ளேயும் பிசிறு உள்ளே போகக் கூடாது, சாவி திரும்பாது" என்று சொல்லிச் சிரித்தார். பிறகுதான் நான் சிரித்தேன்.

சிகிச்சை நடந்த முக்கால் மணி நேரமும் நான் ஃபைலை மாற்றும் ஒவ்வொரு முறையும் அவர் கையை உயர்த்தி இப்போது எந்த எண் என்று விரலால் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இருபது, இருபத்தைந்து என்று சொல்லச் சொல்லத் தலையாட்டினார்.

நேற்று மாலை மறுமுறைக்கு வந்தார். படியில் இருவரின் காலடிச் சத்தம் கேட்டது. பாதியில் ஒன்று நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தேன். முதல் பதிவில் எழுதியிருந்தேனே, படியிலிருந்தே திரும்பிப் போன அம்மா; அவர்தான் கன்னத்தில் துணியை ஒத்திக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். இருவரும் ஒரே தெருவாம். நான் எழுந்து வரும் வரை உள்ளே ஏர்ரோட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரர் இரண்டு படி மேலே நின்று திரும்பி, "ஒண்ணுமில்லம்மா, உள்ள அரம் போடுற வேலைதான் நடக்குது. ஏறி வா" என்றார்.